பேரை மாத்திட்டேன்ல

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க கத கித எழுதறவங்களா? இல்லல்ல? பேங்க்ல வேலயா? சரி, எதா இருந்தா என்ன, எழுதறவங்களா இல்லாம இருந்தாச் சரி. கேட்டுக்கறது நல்லதுன்னுதான் கேட்டேன். போன வருசம் இப்பிடித்தான் மதுரைக்குப் போறப்ப பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள. பேச்சுக்குப் பேச்சு 'அப்பறம், அப்பறம்'னா. நானும் வெள்ளந்தியா எல்லாத்தயும் சொல்லிட்டேன். எறங்கறப்ப சொல்றா, அவளும் பத்திரிகைக்கு எழுதறாளாம். அந்தக் கத எங்கயாவது வந்துருச்சான்னு மாசக்கணக்கா ஒரு பத்திரிக விடாமப் பொரட்டிப் பாத்தேன். வரல. வராட்டி என்ன? நாளைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?

அந்தப் போன்ல பாட்டுத்தான கேக்கறீங்க? ரெகார்டு எதுவும் ஓடலியே? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.

நான் எழுதறவ. பேரு பூரணம். பத்திரிகைல 'திண்டுக்கல் பூரணி'ன்னு வரும், பாத்துருக்கீங்களா? இல்லியா? பரவால்ல. பெரிய எழுத்தாளர்னெல்லாம் சொல்லிக்க மாட்டேன். ஆறு வருசமா எழுதறேன். ஒரு கதைக்குப் பரிசு கூட வந்துருக்கு.

நீங்க பொள்ளாச்சியா? நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத்தொண ஆச்சு. நான் கோயமுத்தூருக்கு, மக வீட்டுக்கு. கோகிலான்னு ஒரே மக. கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சு, அவளுக்கும் மாப்ளைக்கும் அங்கதான் வேல. அவ என்னய வரச் சொல்லல. நானாத்தான் போறேன். ஏன்னா என்கிட்ட எதையோ மறைக்கறாங்கம்மா. மக மறைக்கறா, வீட்டுக்காரர் மறைக்கறாரு, எங்க காம்பவுண்டுக்காரி ஒருத்தி மறைக்கறா. எல்லாருஞ் சேந்து வாயப் பொத்திக்கிட்டு இருக்காங்க. பெத்தவகிட்ட மறைக்கற அளவுக்கு என்ன நடந்துச்சுன்னு நேர்ல பாத்துட்டு வரத்தான் காலைல பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்.

எங்க காம்பவுண்டப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு வெவரம் புரியும். ஒரு கேட்டு, உள்ள வரிசையா ஏழு வீடு, எல்லாருக்கும் சேத்து ஒரு மோட்டார், ஒரு தண்ணித் தொட்டி. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சமா, ஒரு பிரியாணிக் கடைலருந்து சின்ன வெங்காயம் மூட்ட மூட்டயா வந்து எறங்கும். உரிச்சுக் குடுத்தாக் கைச்செலவுக்கு ஆகும். பொம்பளைங்க எல்லாம் தொட்டிகிட்ட வட்டமா உக்காந்துருவோம். கை பாட்டுக்கு உரிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். அங்க உக்காந்து அழுதா ஏன் அழறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும்தான் கண்ணுல தண்ணி வடியுது. ஆனா எனக்குத் தெரியும். வெங்காயத்துக்கு அழறவ மூக்க உறிஞ்சுவா. நெசமா அழறவ உறிஞ்ச மாட்டா, சத்தம் வந்து மாட்டிக்குவோமேன்னு அப்பிடியே ஒழுக விட்டுருவா. இதக் கூடக் கவனிக்கலன்னா அப்பறம் எழுதறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க.

மொதக் கத எங்க நாத்தனாரப் பத்தி. வளர்மதின்னு பேரு. எங்க கோகிலா சடங்குக்கு வந்தப்ப கை நெறைய வளையல் போட்டுட்டு வந்தா. அத்தனயும் கவரிங். தங்கத்த அவ புருசன் எங்கயோ கொண்டு போய்த் தொலச்சுட்டாரு. அடுப்படில என் தோள்ல சாஞ்சு அழுதுட்டுச் சொன்னா, 'அண்ணி, யாருக்கும் தெரியக் கூடாது, கையக் கொஞ்சம் சேலைக்குள்ள வச்சுக்கவா'ன்னு. எனக்கு அது மனசுலயே கெடந்துச்சு. வருசக்கணக்காக் கெடந்துச்சு. அதத்தான் எழுதுனேன். சும்மா எழுதல, பேர மாத்திட்டேன்ல? வளர்மதிய மலர்விழி ஆக்கிட்டேன். ஊரத் தேனிக்குக் கொண்டு போயிட்டேன். வளையலச் சங்கிலி ஆக்கிட்டேன். இதுக்கு மேல ஒரு மனுசி என்ன செய்ய முடியும்?

அந்தத் தீவாளிக்கு அவ வரல. அதுக்கடுத்த தீவாளிக்கும் வரல. 'ஏங்க, உங்க தங்கச்சிக்கு என்னவாம்'னு இவர்கிட்ட கேட்டேன். இவரு செவுத்தப் பாத்துக்கிட்டு, 'வேல இருக்கும்'னாரு. வேலயாவது ஒண்ணாவது. பொறாம. என் பேரு அச்சுல வந்துருச்சுல்ல, அதான்.

அப்பறம் ரெண்டாவது வீட்டு முத்துலட்சுமி கத. அவ புருசன் சண்ட வந்தா ஒரு சொல்லுச் சொல்ல மாட்டான். தட்ட எடுத்துட்டு நேரா அவங்கம்மா வீட்டுக்குப் போயிருவான், அதே தெருதான். அங்க தின்னுட்டு வந்து இங்க படுப்பான். 'தட்ட மட்டும் கழுவிக் கொண்டாந்து வச்சுடறான்க்கா, அதுதான் எனக்குத் தாங்கல'ன்னு வெங்காயம் உரிக்கறப்ப சொன்னா. எவ்ளோ நல்லாருக்கு பாருங்க. வீட்டுக்குள்ள வந்து அடுப்பப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி எழுதி முடிச்சுட்டேன். அதுலயும் பேர மாத்திட்டேன்.

அது வந்த வாரத்துலருந்து பாருங்க, நான் போய் உக்காந்தா வட்டத்துல ஒரு பேச்சு கெடையாது. 'இன்னிக்கு வெயில் சாஸ்தி'ம்பா ஒருத்தி. 'ஆமா சாஸ்திதான்'ம்பா இன்னொருத்தி. அவ்ளோதான். கடைசி வீட்டு ஆரோக்கியம் அக்கா வேதக்காரங்க. அவங்க உடனே ஜெபமாலய ஆரம்பிச்சுருவாங்க. அவங்க சொல்றது சரி, மத்தவளுகளும் கூடச் சேந்து சொல்றாளுகம்மா! நெத்தி நெறைய விபூதியோட முத்துலட்சுமி மாதாவக் கூப்புடறா. நான் எந்திரிச்சு வீட்டுக்குள்ள போனாப் போதும், ஜெபம் நின்னுரும், சிரிப்புச் சத்தம் கேக்கும். இதுக்கு என்னம்மா அர்த்தம்? என்னயப் பத்தித்தான பேசறாளுக?

வீட்டுக்குள்ளயாவது பேச்சு இருக்கான்னா அதுவும் இல்ல. எங்க வீட்டுக்காரர் தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. முன்னல்லாம் சாப்பிட உக்காந்தா அவங்கண்ணனத் திட்டாம ஒரு வா எறங்காது. எனக்கு அதுல பாதிக் கதைக்கு விசயம் கெடைக்கும். இப்ப என்னயக் கண்டா, 'ரசம் நல்லாருக்கு', 'மழ வரும் போல' இந்த ரெண்டுதான். ரசம் நல்லால்லாத அன்னைக்கும் ரசம் நல்லாருக்குங்கறாரு. ஒரு மனுசன் எதையோ மனசுல வச்சுருக்காருன்னு இதுலயே தெரியுதுல்ல?

ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? கொய்யா வாங்கட்டுமா? வேணாமா? சரி.

நானாக் கற்பன பண்ணியும் எழுதிப் பாத்தேன்மா. அத யாரும் சொல்ல மாட்டாங்க. லண்டன்ல ஒரு டாக்டர் பொண்ணு, பனி பெய்யுது, அவளுக்கு ஊர்லருந்து ஒரு போன் வருதுன்னு ஒண்ணு. அப்பறம் ஒரு ஜமீன் கத. இன்னொண்ணும் இருந்துச்சு. எதுவும் வரல. பத்திரிகைலருந்து ஒரு தம்பி போன் பண்ணுச்சு. 'அம்மா, இதுல உயிரு இல்லம்மா. நீங்க அந்தச் சடங்கு வீட்டுக் கத மாதிரி எழுதி அனுப்புங்க'ன்னுச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. யாராவது வந்து அழுதாத்தான் எனக்கு எழுத வரும், நானா உக்காந்தா ஒண்ணும் வராதுன்னா, எனக்குள்ள என்னதான் இருக்கு? ஒண்ணுமே இல்லியா? அடுப்புல பால வச்சுட்டு அதயே யோசிச்சுட்டு நின்னேன், பால் பொங்கி அடுப்ப அணச்சுருச்சு. அந்தத் தம்பிக்கும் என்மேல என்னமோ இருக்கு. இல்லன்னா பனி பெய்யறது நல்லால்லன்னு சொல்லுவானா?

நீங்க என்ன சொன்னீங்க? உங்க மாமியாரா? பீரோச் சாவியத் தூங்கறப்பவும் இடுப்புலயே வச்சுருப்பாங்களா? அட. அப்பறம்? உங்க தாலிக்கொடியும் அதுக்குள்ளதான் இருக்கா? அப்பறம்? நீங்க கேட்டதே இல்லியா? கேட்டா என்ன சொல்லுவாங்க? சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்.

சரி விடுங்க. பரிசு வந்த கதயச் சொல்றேன். அதுதான் இதுக்கெல்லாம் மூலம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நான் ஒத்துக்க மாட்டேன்.

கோகிலா கல்யாணத்துக்கு மொத வாரம். தலைக்கு எண்ண வச்சு விட்டுட்டு இருந்தேன். என் முட்டிக்கு நடுவுல உக்காந்துருந்தா. எண்ண வைக்கறப்ப மூஞ்சி தெரியாதுல்ல, அதனால பிள்ளைங்க எதையும் சொல்லிரும். காலேஜ் பஸ்ல கூட வந்த ஒரு பையனப் பத்திச் சொன்னா. பெருசா ஒண்ணும் இல்லம்மா, தப்பா நெனச்சுராதீங்க. மழ பெஞ்ச அன்னைக்கு ஜன்னல் சீட்ட மாத்திக் குடுத்தானாம், அவ பரீட்சைக்கு மொத நாளு பேனா வாங்கியாந்து குடுத்தானாம். அவ்ளோதான். அப்பறம் அவன் எங்கயோ வேலைக்குப் போயிட்டான். இவ ஒண்ணுஞ் சொல்லல, அவனும் ஒண்ணுஞ் சொல்லல. எல்லாத்தயும் சொல்லிட்டுக் கடைசியா மெதுவாச் சொன்னா, 'அவன் இப்ப வந்து கூப்பிட்டாலும் செருப்பு மாட்டாமப் போயிருவேம்மா.' சொல்லிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். எண்ண வச்சு முடிச்சு, சீயக்கா எடுத்துக் குடுத்தேன்.

ரெண்டு வருசம் அத நான் தொடல. தொடவே இல்ல. அந்த லண்டன் கத திரும்பி வந்த பெறகுதான் எழுதுனேன். எழுத எழுதக் கண்ணுல தண்ணி கொட்டுது. அதுதான் பரிசு வாங்குச்சு. தலைப்பே 'செருப்பு மாட்டாமல்'. எத்தன பேரு போன் பண்ணுனாங்க தெரியுமா? ராஜபாளையத்துலருந்து ஒரு அம்மா அழுதுச்சு.

அதுலயும் பேர மாத்திட்டேன்ல? கோகிலாவ மைனான்னு வச்சேன். பஸ்ஸ ரயிலாக்குனேன். பேனாவ மட்டும் மாத்தல, பேனா நல்லாருந்துச்சு. ஆனா பாருங்க, மாப்ளயோட அம்மா பல்லு டாக்டர்கிட்டப் போன எடத்துல அந்தப் பத்திரிகயப் படிச்சுருக்காங்க. என் போட்டோவும் போட்டுருந்தாங்க, பரிசுல்ல. அந்தம்மா வீட்டுக்குக் கொண்டு வந்து எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிருச்சாம். பாராட்டறதுக்காகத்தான் வாசிச்சுருக்கும். கோகிலா அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுனா. நான் ஆசையா எடுத்தேன், மக பாராட்டப் போறான்னு. 'அம்மா, அது நான் சொன்ன வார்த்தம்மா'ன்னா. 'பேர மாத்திட்டேன்லடி'ன்னேன். 'சரிம்மா'ன்னா. வச்சுட்டா.

சண்ட போட்டாளா? இல்ல. கோவிச்சாளா? இல்ல. தெனம் போன் எடுக்கத்தான் செய்யறா. 'நல்லாருக்கேம்மா. சாப்டேம்மா. இங்க மழம்மா. வச்சிரவாம்மா?' இதேதான் ரெண்டு வருசமா. நான் மொதல்ல மாப்ளயத்தான் சந்தேகப்பட்டேன். போன ஸ்பீக்கர்ல போடச் சொல்லிப் பக்கத்துல உக்காந்துருப்பாரோன்னு. அந்தக் கத வந்ததுக்கு அவரு ஒரு வார்த்த கேக்கல பாருங்க. கேக்காத ஆளத்தான் நம்பக் கூடாது. ஒருதடவ திடீர்னு வீடியோ கால் போட்டுப் பாத்தேன். மாப்ள தூரத்துல துணி மடிச்சுட்டு இருந்தாரு. அவ கண்ணு மட்டும் வீங்கியிருந்துச்சு. 'சளிம்மா'ன்னா. எனக்கா தெரியாது சளிக்கும் அழுகைக்கும் வித்தியாசம்?

போன வாரம்தான் விசயம் கைல சிக்குச்சு. ஆரோக்கியம் அக்கா தொட்டிக்குப் பின்னால நின்னு மெதுவாப் போன்ல பேசிட்டு இருந்தாங்க. 'அழாத கண்ணு, சாப்புட்டியா, மாதா இருக்கா'ன்னு. அவங்களுக்குப் புள்ள குட்டி கெடையாது. கண்ணுன்னு யாரக் கூப்புடறாங்க? எனக்குப் பொறி தட்டுச்சு. வீட்டுக்குள்ள வந்து கோகிலாவுக்குப் போட்டேன். பிஸி. ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தேன். அக்கா போன வச்சாங்க. உடனே போட்டேன். கோகிலா எடுத்துட்டா. 'யார்கிட்டடி பேசிட்டு இருந்த?' 'ஆபீஸ் கால்மா.' பாத்தீங்களா? பெத்த தாய்கிட்டப் பொய்யி. மறுநாளும் அதே மாதிரிச் சோதிச்சுப் பாத்தேன். அதே பிஸி. அப்ப மக அழறதுக்கு நான் வேணாம், கடைசி வீட்டுக்காரி வேணும். எனக்கு நெஞ்சே வெடிச்சுரும் போல ஆயிருச்சும்மா. அந்தப் பொம்பளைக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. அவகிட்ட என்னத்தச் சொல்லி அழறா?

நீங்களே சொல்லுங்க, நான் எவ்ளோ நல்லாக் கேப்பேன்? யாரு என்ன சொன்னாலும் ஒரு சொல்லு விடாமக் கேக்கறவ நானு.

அப்பறம்தான் அந்தப் பட்டன். எங்க வீட்டுக்காரர் வெள்ளச் சட்டைல கழுத்துப் பட்டன் பிஞ்சு கெடந்துச்சு. நாளைக்குத் தச்சுத் தரேன்னு நான் போட்டு வச்சுருந்தேன். இவரு பென்சன்காரங்க மீட்டிங்னு அதப் போட்டுட்டுத் திருச்சிக்குப் போனாரு. சாயங்காலம் வந்து சட்டயக் கழட்டிப் போட்டாரு. தொவைக்க எடுத்தா, பட்டன் இருக்கு. திருச்சில யாரு பட்டன் தச்சா? உத்துப் பாத்தேன். நாலு ஓட்டைலயும் குறுக்கப் போட்டு, அடில நூல நாலு சுத்துச் சுத்தி, முடிச்சு மேல தெரியாம உள்ள இழுத்து விட்டுருந்துச்சு. அது எங்க கோகிலா கை. பத்தாவது லீவுல தையல் கிளாஸ் போனப்ப கத்துக்கிட்டது. நான் அப்பிடித் தைக்க மாட்டேன், எனக்கு அவ்ளோ பொறும கெடையாது.

சட்டயக் கைல புடிச்சுட்டுப் போயி முன்னால நின்னேன். 'திருச்சிக்குப் போனீங்களா, கோயமுத்தூருக்குப் போனீங்களா?' ரசம் நல்லாருக்குன்னாரு. 'இன்னும் ரசமே வைக்கலங்க'ன்னேன். அப்பறம் உக்காந்துட்டாரு. 'ஆமா, போனேன். மூணு தடவ போயிட்டேன். புள்ளைக்கு மனசு சரியில்ல'ன்னாரு. என்னன்னு கேட்டேன். 'அத அவதான் சொல்லணும்.' 'நான் அவ அம்மாங்க.' 'தெரியும்.' 'அப்பறம் எங்கிட்டச் சொன்னா என்ன?' அவரு என்னய நிமுந்து பாத்தாரு. முப்பது வருசத்துல அப்பிடி ஒரு பார்வ பாத்ததில்ல. 'பூரணம், அவளுக்கு ஒரு கஷ்டம் வந்துருக்கு. அது அவ கஷ்டமாவே இருக்கட்டும்'னாரு. என்ன பேச்சு இது? கஷ்டம்னா அவ கஷ்டமா இருக்காம பின்ன யார் கஷ்டமா இருக்கும்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுக்கு அர்த்தம் புரியல. உங்களுக்குப் புரியுதா?

காலைல கெளம்பறப்ப ஆரோக்கியம் அக்கா கேட்டு வரைக்கும் வந்தாங்க. 'போறதாப் போற, புள்ள பக்கத்துல சும்மா உக்காரு பூரணம். எதுவும் கேக்காத'ன்னாங்க. கேக்காம எப்பிடித் தெரியும்? இவங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்குவாங்களாம், நான் சும்மா உக்காரணுமாம்.

நானும் பஸ் ஏறுனதுலருந்து யோசிச்சுட்டேதான் வர்றேன், என்னவா இருக்கும்னு. மூணு விதமா இருக்கலாம். ஒண்ணு, மாப்ளைக்கும் இவளுக்கும் சண்ட, இவ தனியா எங்கயோ ரூம் எடுத்து இருக்கா. அப்பிடின்னா அது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான், புதுசா ஒண்ணும் இல்ல. ரெண்டு, அந்தப் பேனாக்காரப் பையன் திரும்பி வந்துட்டான். ஆனா அது கொஞ்சம் சினிமாத்தனமா இருக்கு, நம்ப மாட்டாங்க. மூணாவது... மூணாவத வாயால சொல்லவே கூடாது, இருந்தாலும் சொல்றேன். வயித்துல ஏதாச்சும் தங்கி, நிக்காமப் போயிருக்கும். நாலு வருசமா எதிர்பாத்துட்டு இருந்தா. அத என்கிட்டச் சொல்லாம, ஒத்தைல படுத்துக் கெடந்துருப்பா. தாங்க முடியலம்மா. என் புள்ள. ஆனா யோசிச்சுப் பாருங்க, அப்பிடி இருந்தா அந்தப் பட்டன் எடம் எவ்ளோ கனமா வரும்? புள்ளயப் பறிகுடுத்தவ, அப்பா சட்டைல பட்டன் இல்லன்னு பாத்துட்டு, ஊசில நூல் கோத்து, பேசாம உக்காந்து தைக்கறா. அப்பாவும் பேசல. அந்த எடத்துல நிறுத்திட்டாப் போதும்.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? எழுதப் போறேன்னா சொன்னேன்? இருந்தா எப்பிடி இருக்கும்னுதான் சொன்னேன். நான் எதையும் மொதல்ல வாயால யார்கிட்டயாவது சொல்லிப் பாத்துருவேன். கேக்கறவங்க மூஞ்சி எங்க மாறுதுன்னு பாப்பேன். உங்க மூஞ்சி பட்டன்கிட்ட மாறுச்சு. கவனிச்சேன்.

இருங்க, போன் அடிக்குது. அவதான். கொஞ்சம் அந்த ஜன்னலச் சாத்துங்க.

சொல்லுடி. பஸ்லதான். எந்த பஸ்லன்னா, உன் வீட்டுக்கு வர்ற பஸ்லதான். பழனி தாண்டியாச்சு. அப்பா சொல்லிட்டாரா? ஏன், நான் வரக் கூடாதா? யார்கூடயும் பேசலடி, சும்மாத்தான் உக்காந்துருக்கேன். பக்கத்துலயா? யாரோ ஒரு பொண்ணு, தூங்கிட்டு வருது. ம். ம். கோகி, அழாதடி. ஏய், அழாத, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. சரி. சரிடி. சொல்லு, கேக்கறேன். ம்... சரி. சரிம்மா.

வச்சுட்டா.

தண்ணி பாட்டில் இருந்தாக் குடுங்க. நீங்க தூங்கறீங்கன்னு சொன்னதுக்குத் தப்பா நெனைக்காதீங்க. சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டா, அவளுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்.

அழுதுட்டாம்மா. சத்தம் போட்டு அழுதா. ரெண்டு வருசமா எங்கிட்ட அழாதவ. என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு உன்கிட்டச் சொல்லணும்னு இருக்கும்மா. அப்பாகிட்டச் சொன்னேன், ஆரோக்கியம் அத்தகிட்டச் சொன்னேன், ஆனா மனசு ஆறல. உன் மடில படுத்துச் சொல்லணும்னு இருக்கு'ன்னா. என் மடிலன்னா. கேட்டீங்களா? என் மடிலதான் சொல்லணுமாம். எனக்கு இது போதும்மா. பரிசு பத்து வந்தாலும் இதுக்கு ஆகாது. அந்த ஆரோக்கியம் என்னத்த ஜெபம் பண்ணினாலும் மடி என் மடிதான்.

அப்பறம் ஒண்ணு சொன்னா. அழுகைய நிறுத்திட்டு, நெதானமாச் சொன்னா. 'அம்மாவா வர்றதா இருந்தா வா. எழுதறவளா வர்றதா இருந்தா, நடுவுல எந்த ஊர் வருதோ அங்க எறங்கிரு.'

பெத்தவளப் பாத்துச் சொல்ற பேச்சா இது? எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கோவமும் வந்துச்சு. ஆனா அவ அழுகைல கோவம் நிக்கல. நான் எதாச்சும் தப்பு செஞ்சேனோ இல்லியோ, என் புள்ள பயந்துபோய்க் கெடக்கு. அம்மாகிட்டயே பயந்துபோய்க் கெடக்கு. அத நான் தீக்கணும்.

எழுத மாட்டேம்மா. முடிவு பண்ணிட்டேன். புள்ள மேல சத்தியம் பண்ணக் கூடாதும்பாங்க, அதனால என் கை மேல சொல்றேன். இவ என்ன சொன்னாலும் அது என் காதோட போயிரும். போய் மடியக் குடுத்துட்டு உக்காருவேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். அவளாச் சொல்றதக் கேட்டுக்கிட்டுத் தலயத் தடவிக் குடுப்பேன். அவ்ளோதான். இத விட்டா அவ எனக்கு மறுபடி கெடைக்க மாட்டா, அது எனக்குத் தெரியாதா?

என்ன ஊரு இது? உடுமலையா? பத்து நிமிசம் நிக்குமாமா? நிக்கட்டும். எனக்கு எறங்கற சோலி இல்ல. நான் அம்மாவாத்தான் போறேன்.

நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, படிக்கறவங்களா யோசிச்சுச் சொல்லுங்க. 'நடுவுல எந்த ஊர் வருதோ அங்க எறங்கிரு'ன்னு அவ சொன்னதோட முடிச்சுரலாமா? இல்ல, அதுக்கப்பறமும் நான் பஸ்லயேதான் உக்காந்துருந்தேன்னு ஒரு வரி சேக்கணுமா?